சிந்துவெளிப் பொறிப்புகளில் வரிசை அமைவுகளும் கட்டுப்பாடுகளும்: தரமணி – பெருங்குடி வட்டார ஆய்வு மரபை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பெருந்தரவில் மீண்டும் மீண்டும் வரும் வரிசைகளை, முன்னரே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத் தேடியெடுக்கும் முறை 1990களில் கணினியியலின் தனித்துறையாக உருப்பெற்றது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே சிந்துவெளிப் பொறிப்புகளை ஆராய்ந்தோர் இதே சிக்கலை எதிர்கொண்டனர். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொடரடைவு, தாம்பரத்தில் கிஃப்ட் சிரோமணி மேற்கொண்ட பகுப்பு ஆய்வுகள், தரமணியில் 2007க்குப் பின் நிகழ்ந்த கூட்டாய்வுகள் ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் தொகுத்து நோக்குகிறது. எண்ணத் தொடங்குமுன் ஆய்வாளர் எடுக்கும் முடிவுகளே கிடைக்கும் அமைவுகளின் எல்லையைத் தீர்மானிக்கின்றன என்பதும், அம்முடிவுகள் வெளிப்படையாகப் பதிவு செய்யப்பட்ட இடங்களில் மட்டுமே பிறர் அவற்றைச் சரிபார்க்க முடிந்தது என்பதும் நிறுவப்படுகின்றன. தமிழகப் பானை ஓட்டுக் கீறல் குறிகளைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிடும் இன்றைய முயற்சிகளுக்கு இம்மரபு தரும் படிப்பினையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிந்துவெளிக் குறிகள், வரிசை அமைவு, கட்டுப்பாடு, தரவு அகழ்வு, தொடரடைவு, ஐராவதம் மகாதேவன், கிஃப்ட் சிரோமணி, தரமணி, கீறல் குறிகள்

முன்னுரை

சென்னையின் தென்பகுதியில் தரமணியும் பெருங்குடியும் அடுத்தடுத்து அமைந்தவை. திருமயிலையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் இரயில் தடத்தில் இவை அடுத்தடுத்த நிலையங்கள். பெருங்குடியில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி நிற்கும் மென்பொருள் நிறுவனங்களுக்குத் தரவு அகழ்வு என்பது அன்றாடத் தொழில். வாடிக்கையாளர் எதை வாங்கியபின் எதை வாங்குகிறார், எந்தப் பிழைக்குப்பின் எந்தப் பிழை நேர்கிறது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே அத்தொழிலின் ஒரு பகுதி. அடுத்த நிலையமான தரமணியிலோ, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையமும் கணித அறிவியல் நிறுவனமும் இதே வகை வினாவை நான்காயிரம் ஆண்டுப் பழமையுடைய முத்திரைகளிடம் எழுப்பின. எக்குறிக்குப்பின் எக்குறி வருகிறது? எது தொடங்குகிறது? எது முடிக்கிறது?

இவ்விரு முயற்சிகளுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வணிகத் தரவில் ஆய்வாளர் கண்ட அமைவு தவறாயின் அடுத்த மாத விற்பனை அதைக் காட்டிவிடும். சிந்துவெளித் தரவுக்கு அடுத்த மாதம் என்பதில்லை. இருமொழிப் பொறிப்பு எதுவும் கிடைக்காத நிலையில், அமைவைச் சோதிக்கப் பொறிப்புகளே சான்று. பொறிப்புகளைத் தேர்ந்த முறையே அளவுகோல். எனவே அத்தேர்வை நெறிப்படுத்தும் கட்டுப்பாடுகளின் வரலாற்றை ஆராய்வது இன்றியமையாதது.

1. வரிசை அமைவும் கட்டுப்பாடும்: கணினியியல் பின்னணி

வரிசை அமைவுகளை அகழும் சிக்கலை 1995ஆம் ஆண்டு இராகேஷ் அகர்வால், இராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த் ஆகியோர் முறைப்படி வரையறுத்தனர். ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடன் ஆய்வு மையத்தில் பணியாற்றிய இவர்கள் எடுத்துக்கொண்ட தரவு, கடை வாடிக்கையாளர்களின் கொள்முதல் பதிவுகள். ஒரு வரிசை எத்தனை வாடிக்கையாளர்களிடம் காணப்படுகிறது என்பது அதன் நிகழ்வெண். ஆய்வாளர் முன்னரே நிறுவும் குறைந்தபட்ச நிகழ்வெண்ணைத் தாண்டும் வரிசையே அமைவு எனக் கொள்ளப்படும். இதன் அடியில் எளிய தருக்கம் ஒன்று உள்ளது. ஒரு வரிசை அரிதாக வருமாயின் அதை உள்ளடக்கிய நீண்ட வரிசை அதனினும் மிகுதியாக வர இயலாது. ஆகவே அரிதான சிறு வரிசைகளைத் தொடக்கத்திலேயே கழித்துவிட்டால், அவற்றிலிருந்து விரியும் பெருவரிசைகளைத் தேட வேண்டியதில்லை.

நிகழ்வெண் ஒன்றை மட்டும் கட்டுப்பாடாகக் கொண்டால் பயனற்ற வரிசைகள் பெருகும் என்பது விரைவில் தெளிவாயிற்று. 1996இல் அவ்விருவருமே இரு உறுப்புகளுக்கு இடையிலான மிகக் குறைந்த இடைவெளி, மிகுந்த இடைவெளி, உறுப்புகளின் வகைப்பாடு ஆகியவற்றையும் கட்டுப்பாடுகளாகச் சேர்த்தனர். 1999இல் மினோஸ் கரோபலாகிஸ், இராஜீவ் ரஸ்தோகி, கியூசோக் ஷிம் ஆகியோர், தேடப்படும் வரிசையின் வடிவத்தையே ஒரு வாய்பாடாக ஆய்வாளர் எழுதித்தரும் முறையை முன்வைத்தனர். 2002இல் ஜியான் பெய், ஜியாவெய் ஹான், வெய் வாங் ஆகியோர் உறுப்பு, நீளம், இடைவெளி, கால அளவு முதலாகக் கட்டுப்பாடுகளை வகைப்படுத்தி, எவற்றைத் தேடலின் உள்ளேயே செலுத்தலாம் என ஆராய்ந்தனர்.

இவ்வாய்வுகளில் கட்டுப்பாட்டுக்கு இரு பணிகள் கூறப்படுகின்றன. ஒன்று, கணினியின் வேலையைக் குறைப்பது. மற்றொன்று, ஆய்வாளருக்கு வேண்டியதை மட்டும் தருவது. வரலாற்றுத் தரவில் மூன்றாவது பணியொன்றும் சேர்கிறது. இரு வடிவங்களை ஒரே குறியெனக் கொள்வதும், ஒரு பொறிப்பு வலமிருந்து இடம் செல்வதாகக் கொள்வதும் கடந்த காலத்தைப் பற்றிய கூற்றுகளாகும். அக்கூற்று பிழையாயின் அதன்மீது எழும் எண்ணிக்கை முழுவதும் பிழையாகும்.

2. தமிழ் இலக்கண மரபில் வரிசைக் கட்டுப்பாடு

எழுத்துகளின் வரிசையைக் கட்டுப்பாடுகளால் விளக்கும் முறை தமிழ் ஆய்வுலகிற்குப் புதிதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் நூன்மரபு, எம்மெய்க்குப்பின் எம்மெய் மயங்கும் என வரையறுக்கிறது. மொழிமரபு, சொல்லின் முதலிலும் இறுதியிலும் நிற்கத்தக்க எழுத்துகளைத் தொகுத்துரைக்கிறது. பின்வந்த நன்னூல் மொழிமுதல் எழுத்துகளை 22 எனவும், மொழியிறுதி எழுத்துகளை 24 எனவும் கணக்கிடுகிறது. அடுத்தடுத்து நிற்றல், முதலில் நிற்றல், இறுதியில் நிற்றல் என்னும் இம்மூன்றும், இன்றைய கணினியியல் மொழியில் கூறினால், அண்மைக் கட்டுப்பாடும் இடக் கட்டுப்பாடுகளும் ஆகும்.

இவ்வொப்புமையை அளவோடு கொள்ளுதல் வேண்டும். இலக்கண ஆசிரியர் தமக்குத் தெரிந்த மொழியின் வழக்கை நோக்கி விதி கூறினார். எது சொல், எது எழுத்து என்பது அவருக்கு முன்னரே தெரியும். சிந்துவெளி ஆய்வாளர் மொழியும் ஒலியும் தெரியாத பொறிப்புகளிலிருந்து விதியை உய்த்துணர வேண்டியவர். மேலும் தமிழ் எழுத்து ஒலியைக் குறிப்பது. சிந்துவெளிக் குறியோ சொல்லைக் குறிக்கலாம், அசையைக் குறிக்கலாம், இரண்டும் கலந்திருக்கலாம். எனினும், வரிசையில் இடம் பற்றிய ஒழுங்கு அம்முறைமையின் உள்ளமைப்பைக் காட்டும் என்னும் எண்ணம் இரு மரபுகளுக்கும் பொதுவானது.

3. தொடரடைவின் உருவாக்கம்: 1970 – 1977

சிந்துவெளிக் குறிகளைக் கணினியின் துணையால் ஆராயும் பணி 1960களில் இரு நாடுகளில் தொடங்கியது. சோவியத் ஒன்றியத்தில் யூரி கினோரசோவ் தலைமையிலான குழு 1965இலும், பின்லாந்தில் அஸ்கோ பார்ப்போலா குழு 1969இலும் தம் முதல் முடிவுகளை வெளியிட்டன. இரண்டும் அம்மொழி திராவிட மொழிக்குடும்பம் சார்ந்தது என்னும் கருத்தை நோக்கிச் சென்றன. ஐராவதம் மகாதேவனின் சிந்துவெளி – திராவிட ஒப்புமைகள் பற்றிய நீண்ட கட்டுரை 1970இல் தமிழாய்வு இதழொன்றில் வெளிவந்தது. 1970இல் அவருக்குக் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை, பொறிப்புகளை முழுமையாகத் தொகுக்கும் வாய்ப்பைத் தந்தது. கே. விசுவநாதனுடன் இணைந்து அவர் எழுதிய கணினித் தொடரடைவு பற்றிய கட்டுரை 1973இல் வெளியாயிற்று. முழுத் தொடரடைவு 1977இல் இந்தியத் தொல்லியல் அளவீட்டுத் துறையின் வெளியீடாக வந்தது. கணினிப் பணி மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடைபெற்றது.

இந்நூல் 2,906 பொருள்களில் உள்ள 3,573 வரிகளைத் தொகுத்து, 417 குறிகளை வேறுபடுத்தி, மொத்தம் 13,372 குறி நிகழ்வுகளைப் பதிவு செய்தது. ஒவ்வொரு குறியும் எவ்வரியில், எவ்விடத்தில், எதற்கு முன்னும் பின்னும் வருகிறது என்பதைப் பட்டியலிட்டது. அகழ்விடம், பொருளின் வகை, முத்திரையிலுள்ள விலங்குருவம் ஆகியவற்றின் அடிப்படையிலும் அட்டவணைகளைத் தந்தது. ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வகைப் பொருளில் மட்டும் ஒரு வரிசையைத் தேட விரும்புவோர்க்கு வேண்டிய கட்டுப்பாடுகள் அனைத்தும் இந்நூலில் முன்னரே இடம்பெற்றிருந்தன.

இவ்வெண்களைக் கொண்டே தரவின் இயல்பை உணரலாம். 417 குறிகளைக் கொண்டு 1,73,889 இணைகளை ஆக்கலாம்; மும்மைகளாயின் 7 கோடியே 25 இலட்சத்துக்கும் மேல். ஆனால் 13,372 நிகழ்வுகள் 3,573 வரிகளில் பகிர்ந்திருப்பதால், அடுத்தடுத்து நிற்கும் இணைகள் மிகுந்தால் 9,799 மட்டுமே இருக்க முடியும். அவை ஒவ்வொன்றும் வேறுவேறாக இருந்தாலும்கூட, ஆக்கக்கூடிய இணைகளுள் 1,64,000க்கும் மேற்பட்டவை தரவில் இடம்பெற வழியில்லை. ஆகவே ஓர் இணை காணப்படவில்லை என்பது, அது விலக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. இத்தரவில் உறுதியாகப் பேசத்தக்கது எதிர்பார்ப்பை விஞ்சி மீண்டும் மீண்டும் வரும் வரிசை மட்டுமே. நிகழ்வெண் என்னும் கட்டுப்பாடு இங்குக் கணினி நேரத்தை மிச்சப்படுத்துவதைவிட, ஆய்வாளரின் கூற்றுக்கு எல்லை வகுப்பதாகவே அமைகிறது.

அவ்வாறு மீண்டும் மீண்டும் வருபவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. தொடரடைவின் 342ஆம் எண் பெற்ற குடக்குறி 1,395 முறை வருகிறது. மொத்த நிகழ்வுகளில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி. அது பெரும்பாலும் பொறிப்பின் இறுதியில் நிற்கிறது. 267ஆம் எண் குறியும் 99ஆம் எண் பெற்ற இரு சிறு கோடுகளும் இணைந்த வரிசை தொடக்கத்தில் மிகுதியாக வருகிறது. இவ்விரு செய்திகளும் எம்மொழிக் கருதுகோளையும் சாராமல் பெறப்படுபவை.

4. எண்ணுமுன் எடுத்த முடிவுகள்

தொடரடைவு எடுத்த முடிவுகளுள் நான்கு இன்றுவரை விவாதத்துக்கு உரியவை.

முதலாவது குறி வரையறை. மகாதேவன் 417 குறிகள் என்றார். பார்ப்போலாவின் பட்டியல் 400ஐ ஒட்டியது. பிரையன் வெல்ஸ் 700ஐ நெருங்கும் பட்டியலைத் தந்தார். எஸ். ஆர். ராவ் கூட்டுக்குறிகளைப் பிரித்து 62 அடிப்படைக் குறிகள் போதும் என்றார். சிறு கோடொன்று கூடிய மீன் வடிவமும் கோடில்லாத மீன் வடிவமும் ஒன்றா, இரண்டா? ஒன்றெனக் கொண்டால் நிகழ்வெண் கூடி வரிசை வலுப்பெறும்; இரண்டெனக் கொண்டால் அதே வரிசை இரண்டாகச் சிதறி அரிதாகும். பட்டியல் மாறினால் அமைவும் மாறும்.

இரண்டாவது திசை. பொறிப்புகளுள் பெரும்பான்மை வலமிருந்து இடமாகச் செல்வன என்பது, இட முனையில் குறிகள் நெருக்கி எழுதப்பட்டிருத்தல், காளிபங்கன் பானை ஓட்டில் ஒரு கீறல்மீது மற்றொன்று படிந்துள்ள முறை முதலிய புறச்சான்றுகளால் நிறுவப்பட்டது. முத்திரையில் கண்ணாடி உருவாகச் செதுக்கப்பட்டதை அதன் பதிவில் உள்ளவாறு கொள்ளுதலும் இம்முடிவில் அடங்கும். திசை பிழையாயின் தொடக்கக்குறி இறுதிக்குறியாகிவிடும்.

மூன்றாவது எல்லை. ஒரு பொருளின் பல பக்கங்களில் உள்ள வரிகள் ஒரே தொடரா, தனித்தனிப் பொறிப்புகளா என்பது தெளிவில்லை. ஒன்றாகச் சேர்த்தால் இல்லாத அண்மை உருவாகும். பிரித்தால் இருந்த தொடர்ச்சி அறுபடும்.

நான்காவது படிகள். ஹரப்பாவில் கிடைத்த சிறு வில்லைகளில் ஒரே பொறிப்பு பலமுறை மீள்கிறது. ஒவ்வொரு படியையும் எண்ணினால் ஒரு தொழிற்கூடத்தின் உற்பத்தி அளவு எழுத்துமுறையின் இயல்பாகத் தோன்றிவிடும். படிகளை நீக்கினால், அப்பொறிப்பு ஏன் அத்தனை முறை தேவைப்பட்டது என்னும் வரலாற்றுச் செய்தி மறைந்துவிடும்.

இந்நான்கிலும் ஒரே ஒரு சரியான விடை என்பதில்லை. வினாவுக்கேற்ப முடிவு மாறலாம். தொடரடைவின் சிறப்பு, எடுத்த முடிவு எதுவென வாசகர் அறியும் வகையில் குறிப்பட்டியலையும் மூலப் பொறிப்புகளையும் சேர்த்தே வெளியிட்டதில் உள்ளது. அதனாலேயே பின்வந்தோர் அதே தரவை வேறு கட்டுப்பாடுகளுடன் மீண்டும் எண்ண முடிந்தது.

5. தாம்பரத்தில் பகுப்பு ஆய்வு

தொடரடைவைக் கணித நோக்கில் முதலில் பயன்படுத்தியோருள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி முதன்மையானவர். 1932இல் பிறந்து 1988இல் மறைந்த இவர், கோலங்களின் கணித இலக்கணம், பிராமி எழுத்துகளைக் கணினியால் அறிதல் ஆகியவற்றிலும் பங்களித்தவர். அப்துல் ஹக் உடன் இணைந்து இவர் 1980களில் வெளியிட்ட கட்டுரைகள் நீண்ட பொறிப்புகளைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் வழியையும், ஒத்த சூழலில் வரும் குறிகளைக் குழுவாக்கும் வழியையும் ஆராய்ந்தன.

சொற்களுக்கிடையே இடைவெளி விடாத பொறிப்பில் ஒரு கூறு எங்கே முடிந்து மற்றொரு கூறு எங்கே தொடங்குகிறது என்பதே இங்குச் சிக்கல். 14 குறிகள் கொண்ட வரியை 8,192 வழிகளில் பிரிக்கலாம். பிற பொறிப்புகளில் தனித்தோ அடிக்கடியோ வரும் வரிசைகளைச் சிதைக்காமல், வலுவற்ற இணைப்புகளில் வெட்டும் பிரிப்பே ஏற்றது என்பது அடிப்படைக் கருத்து. எல்லாப் பிரிப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்காமல், சிறு பகுதிகளுக்குக் கண்ட சிறந்த விடையைக் கொண்டு பெரும் பகுதிக்கு விடை காணும் இயங்குநிலைத் திட்டமிடல் முறையை இவர்கள் கையாண்டனர். ஸ்ரீகாந்தும் அகர்வாலும் கடைப் பதிவுகளுக்கு முறை வகுப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர், தாம்பரத்தில் வரிசைகளின் நிகழ்வெண்ணைக் கொண்டு அறியப்படாத எழுத்துமுறையின் கூறுகளைத் தேடும் பணி நடந்துள்ளது. இரு முயற்சிகளும் ஒன்றையொன்று அறிந்து வளர்ந்தவை அல்ல. ஒரே வகைச் சிக்கல் இரு துறைகளில் தனித்தனியே விடை தேடியது.

இவ்வாய்வின் மற்றொரு தன்மையும் நோக்கத்தக்கது. சிரோமணியின் முறை எக்குறிக்கும் ஒலியோ பொருளோ தரவில்லை. அமைவைக் காண்பதும் வாசிப்பதும் வெவ்வேறு பணிகள் என்னும் பாகுபாடு இங்குத் தெளிவாகப் பேணப்பட்டது.

6. தரமணியில் கூட்டாய்வு: 2007 – 2010

1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இயங்கிவருகிறது. 2007இல் அங்குச் சிந்துவெளி ஆய்வு மையம் மகாதேவனின் வழிகாட்டலில் தொடங்கப்பெற்றது. அதே தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ரோணஜாய் அதிகாரி, மும்பை டாட்டா நிறுவனத்தின் நிஷா யாதவ், மயங்க் வாகியா, மும்பையின் ஹிருஷிகேஷ் ஜோக்லேகர், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இராஜேஷ் ராவ் ஆகியோர் மகாதேவனுடன் இணைந்து 2009, 2010 ஆண்டுகளில் தொடர்ச்சியாகக் கட்டுரைகளை வெளியிட்டனர்.

இவர்கள் 1977 தரவை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சிதைந்தும் ஐயத்துக்கு இடமாகவும் உள்ள பொறிப்புகள், பல வரிகள் கொண்டவை, மீள்படிகள் ஆகியவற்றை நீக்கினர். எஞ்சியவை 1,548 பொறிப்புகள்; 7,000 குறி நிகழ்வுகள்; 377 குறிகள். முந்தைய பகுதியில் சுட்டிய எல்லை, படிகள் ஆகிய இரண்டும் இங்கு வெளிப்படையான விதிகளாயின. இத்தொகுப்பில் பொறிப்புத் தொடக்கங்களில் 80 விழுக்காட்டை 82 குறிகள் பகிர்ந்துகொள்ள, இறுதிகளில் 80 விழுக்காட்டை 23 குறிகளே நிரப்புகின்றன. தொடக்கம் விரிந்தும் இறுதி குறுகியும் இருக்கும் இச்சமனின்மை, குறிகள் தற்செயலாக அடுக்கப்பட்டவை அல்ல என்பதற்கு வலுவான சான்று.

2009இல் வெளியான மற்றொரு கட்டுரை, ஒரு குறியை அடுத்து எக்குறி வரும் என்பதன் நிகழ்தகவுகளைக் கொண்டு மார்க்கோவ் மாதிரி ஒன்றை அமைத்தது. அம்மாதிரியால் மேற்காசியாவில் கிடைத்த சிந்துவெளிப் பொறிப்புகளை மதிப்பிட்டபோது, அவற்றுள் பல மிகக் குறைந்த நிகழ்தகவைப் பெற்றன. குறிகள் பழக்கமானவை, வரிசையோ அயலானது. அயல்நாட்டில் வாழ்ந்தோர் வேறு பெயர்களையோ வேறு மொழியையோ எழுத அதே குறிகளைப் பயன்படுத்தியிருக்கலாம் என்னும் கருத்துக்கு இது இடமளித்தது. அகழ்விடம் என்னும் ஒரே கட்டுப்பாட்டால் விளைந்த முடிவு இது. உள்நாட்டு, அயல்நாட்டுப் பொறிப்புகளைக் கலந்து எண்ணியிருந்தால், சிறுபான்மையான அயல்வரிசைகள் பெருந்தொகையில் கரைந்து போயிருக்கும். வடிவ ஒப்புமை மட்டும் எழுத்துமுறையின் ஒருமைக்குச் சான்றாகாது என்பதையும் இது உணர்த்துகிறது.

7. அமைவு எதை நிறுவும்? 2004 – 2015 விவாதம்

2004இல் ஸ்டீவ் பார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்சல் ஆகியோர், சிந்துவெளிக் குறிகள் மொழியை எழுதும் எழுத்துமுறையே அல்ல என வாதிட்டனர். பொறிப்புகள் மிகக் குறுகியவை, நீண்ட உரைகள் கிடைக்கவில்லை, ஒருமுறை மட்டும் வரும் குறிகள் மிகுதி என்பன அவர்தம் காரணங்கள். இதற்கு எதிர்முகமாக 2009இல் சயன்ஸ் இதழில் ராவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஒரு குறி தெரிந்தபின் அடுத்த குறி எந்த அளவு கட்டற்றது என்பதை நிபந்தனைக்குட்பட்ட என்ட்ரோப்பி என்னும் அளவால் மதிப்பிட்டது. சுமேரியம், பழந்தமிழ், வேத சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றையும், மரபணு, புரத வரிசைகள், ஒரு கணினி நிரல்மொழி ஆகியவற்றையும் ஒப்பிட்டு, சிந்துவெளிக் குறிகள் மொழிகளின் எல்லைக்குள் அடங்குகின்றன என அது காட்டியது.

ஸ்ப்ரோட் 2010இலும் 2014இலும் இம்முறையை மறுத்தார். மொழிசாராக் குறிமுறைகளுக்கு உரிய ஒப்பீட்டுத் தரவு போதிய அளவு தேர்ந்தெடுக்கப்படவில்லை, மொழிசாராத பல முறைகளும் இடைப்பட்ட ஒழுங்கைக் காட்டக்கூடும் என்பன அவர் வாதம். ராவ் குழுவினரும் விடையளித்தனர். தம் ஆய்வு மொழித்தன்மையை நேரடியாக நிறுவியதாகக் கூறவில்லை, பல்வேறு சான்றுகளுள் ஒன்றாக அதற்கு வலுச்சேர்ப்பதாகவே கூறியது என விளக்கினர்.

இவ்விவாதம் தரவின்மீது எழவில்லை. எதனோடு ஒப்பிடுவது என்னும் தேர்வின்மீதே எழுந்தது. அத்தேர்வும் ஒரு கட்டுப்பாடே. ஒழுங்கான வரிசை மொழிக்கு வேண்டிய பண்பு. அது மொழிக்கு மட்டுமே உரிய பண்பு என நிறுவ வேறு சான்று வேண்டும். குடக்குறி இறுதியில் நிற்பதை மகாதேவன் தம் பிற்கால ஆய்வுகளில் ஆண்பால் ஒருமை விகுதியாகக் கொண்டார். விகுதி ஏற்கும் மொழிக்குடும்பம் என்ற வகையில் திராவிடம் இதற்கு ஏற்புடையது. எனினும் இறுதியில் நிற்றல் என்பது எண்ணிப் பெற்ற முடிவு. விகுதி என்பது அதன்மீது எழுப்பிய விளக்கம். முதலாவது வலுவாக நிற்பது இரண்டாவதன் வலுவாகிவிடாது. முதலாவதை ஏற்பவர் இரண்டாவதை மறுக்கலாம். இரண்டாவது மறுக்கப்பட்டாலும் முதலாவது நிலைக்கும்.

8. கீறல் குறிகளும் இன்றைய தேவையும்

2025 ஜனவரியில் சிந்துவெளி நாகரிகக் கண்டறிதலின் நூற்றாண்டை ஒட்டிச் சென்னையில் பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. சிந்துவெளி எழுத்தைப் புரிந்துகொள்ளும் வழியைக் கண்டறிவோர்க்கு 10 இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு வழங்கப்படும் எனத் தமிழ்நாடு முதலமைச்சர் அங்கு அறிவித்தார். ரோஜா முத்தையா நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையத்தில் மகாதேவன் பெயரால் ஆய்விருக்கை அமைக்க 2 கோடி ரூபாய் நிதியும் அறிவிக்கப்பட்டது. கா. ராஜன், இரா. சிவானந்தம் ஆகியோர் 140 தொல்லியல் இடங்களைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட கீறல் பானை ஓடுகளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய வடிவவியல் ஆய்வும் அப்போது வெளிவந்தது. கீறல் குறிகளுள் பெரும்பகுதிக்குச் சிந்துவெளிக் குறிகளோடு வடிவ ஒப்புமை உண்டு என அது காட்டுகிறது. 1960இலேயே பி. பி. லால் இத்தகைய ஒப்பீட்டைத் தொடங்கியிருந்தார். இப்போதைய ஆய்வின் தரவுப் பரப்பு அதனினும் பெரிது.

வடிவ ஒப்புமை முதற்படி. அடுத்த படி வரிசை ஒப்புமை. ஆனால் கீறல் குறிகள் பெரும்பாலும் தனித்தோ, ஓரிரு குறிகளுடன் இணைந்தோ வருபவை. அவற்றில் அமைவு காண்பதற்கு வேண்டிய நீளம் அரிது. எளிய கோடு, வட்டம், சதுரம் போன்றவை எங்கும் தற்செயலாக ஒத்துப்போகக் கூடியவை. இரண்டோ மூன்றோ குறிகள் ஒரே வரிசையில் ஒத்துவருதல் தற்செயலாக நிகழ்வது அரிது. ஆகவே கூட்டாக வரும் கீறல்களை மட்டும் தனித்தொகுப்பாக்கி, அவற்றின் வரிசையைச் சிந்துவெளி வரிசைகளோடு ஒப்பிடுவது அதிகப் பயன் தரும்.

2006இல் மயிலாடுதுறைப் பகுதியின் செம்பியன் கண்டியூரில் கிடைத்த புதிய கற்காலக் கைக்கோடரி இதற்கு எடுத்துக்காட்டு. அதிலுள்ள நான்கு குறிகளைச் சிந்துவெளிக் குறிகளாக இனங்கண்ட மகாதேவன், முதலிரண்டை 48, 342 என எண்ணிட்டு முருகன் என வாசித்தார். குறியடையாளம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வரிசை நோக்கில் எழும் வினா வேறு. ஒரே ஒரு பொறிப்பின் நிகழ்வெண் ஒன்று, அதனால் அமைவாகாது. ஆயினும், சிந்துவெளியில் முன்னரே நிறுவப்பட்ட அமைவுகளுக்கு அது இணங்குகிறதா எனச் சோதிக்கலாம். மகாதேவன் இனங்கண்டவாறு கொண்டால் குடக்குறிக்குப்பின் மேலும் இரு குறிகள் உள்ளன. குடக்குறி பொறிப்பின் இறுதியைக் காட்டுகிறதா, பொறிப்பினுள் ஒரு கூறின் இறுதியைக் காட்டுகிறதா என்னும் சிரோமணியின் பகுப்பு வினா இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. விடை எவ்வாறாயினும், வினா சோதிக்கத்தக்கதாக மாறுகிறது.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, சிந்துவெளித் தரவு சிறிது. ஆக்கக்கூடிய வரிசைகளோ மிகப் பல. ஆதலின் மீண்டும் வருவன மட்டுமே சான்றாகும், வாராமை சான்றாகாது. இரண்டு, குறி வரையறை, திசை, எல்லை, படி, அகழ்விடம், ஒப்பீட்டுத் தேர்வு ஆகிய கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றும் கடந்த காலம் பற்றிய கூற்றே. அவற்றை மாற்றினால் அமைவும் மாறும். மூன்று, 1977 தொடரடைவு அரை நூற்றாண்டை நெருங்கும் இன்றும் பயன்படுவதற்குக் காரணம் அதன் வாசிப்புகள் அல்ல. பிறர் தம் கட்டுப்பாடுகளை இட்டு மீண்டும் எண்ணத்தக்க வகையில் அது தரவைத் தந்ததே காரணம்.

தமிழகக் கீறல் குறிகளுக்கு இத்தகைய தொடரடைவு உடனடித் தேவை. ஒவ்வொரு ஓட்டின் அகழ்விடம், மண்ணடுக்கு, கலத்தின் வகை, கீறல் சுடுவதற்கு முன்னதா பின்னதா என்பது, குறிகளின் எண்ணிக்கை, வரிசை, முறிவின் இடம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். முறிந்த ஓட்டில் தனித்து நிற்கும் குறி உண்மையிலேயே தனிக்குறியா, இழந்த வரிசையின் எச்சமா என்பதை முறிவுக் குறிப்பு இன்றி எந்தக் கணினியும் கூற இயலாது. பரிசுத் தொகையின் ஈர்ப்பால் வாசிப்புகள் பெருகும் இக்காலத்தில், ஒவ்வொரு வாசிப்பும் தன் குறிப்பட்டியலையும் விலக்கிய பொறிப்புகளையும் கொண்ட கட்டுப்பாடுகளையும் முதலில் வெளியிடுமாறு கோருவது ஆய்வுலகின் கடமை. அவற்றை வெளியிடாத வாசிப்பு ஏற்கப்படலாம் அல்லது புறக்கணிக்கப்படலாம், சோதிக்கப்பட முடியாது.